குடிக்கூலியும் குடியிருப்பும்: சிங்கப்பூர்த் தீவில் தமிழர் வாடகைக்கு இடம் தேர்ந்த வரலாறு



புதிய தீவில் காலூன்ற வருபவர் முதலில் கேட்கும் வினா, வேலை எங்கே என்பது. இரண்டாவதாகக் கேட்பது, தங்குவது எங்கே என்பது. முதல் வினாவுக்கு விடையாக அமைந்த துறைமுகம், சாலை, இரும்புப்பாதை, வட்டித்தொழில், பால் வாணிகம் ஆகியவற்றைப் பற்றிச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதியோர் நிறையவே எழுதியுள்ளனர். இரண்டாம் வினாவுக்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. இன்றைய உரை அவ்விரண்டாம் வினாவைப் பற்றியது.

இதற்குப் போதிய இடம் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. நிலமும் வீடும் உடையவர் பத்திரம் விட்டுச் செல்கிறார். சில வேளைகளில் தெருவுக்குத் தம் பெயரையே விட்டுச் செல்கிறார். சிராங்கூன் வட்டாரத்தில் பெலிலியோஸ் சாலை ஒரு மாட்டு வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெஸ்கர் சாலை ஓர் இறைச்சி வணிகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வணிகர்களின் கொட்டில்களிலும் கடைகளிலும் உழைத்து, அருகிலேயே வாடகைக்கு இருந்த தமிழர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. வாடகைக்கு இருந்தவர் மாதந்தோறும் பணம் கொடுத்தார். வேலை மாறியபோது மூட்டையைக் கட்டினார். அறையில் அடுத்தவர் வந்து சேர்ந்தார். அவர் இருந்ததற்கான தடயம் பெரிதும் ஓரிடத்தில்தான் எஞ்சியிருக்கிறது. அது அவர் வழங்கிய தமிழ். ஆகவே இவ்வரலாற்றைச் சொற்களிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.

சொல்லில் எஞ்சிய வரலாறு

வீட்டு வாடகைக்குத் தமிழில் வழங்கிவந்த சொல் குடிக்கூலி. உழைப்புக்குப் பெறுவதும் கூலி, குடியிருப்பதற்குக் கொடுப்பதும் கூலி. பெற்ற கூலியில் ஒரு பங்கு குடிக்கூலியாகக் கைமாறியதையே அந்நாளைய தொழிலாளி தம் மாதக் கணக்கில் கண்டார். வாடகை என்னும் சொல் இன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆயினும் குடிக்கூலி என்பதில் உள்ள நேர்மை அதில் இல்லை.

தெலுக் ஆயர் தெருவில் உள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827-ஆம் ஆண்டில் தோன்றியது. தமிழ் முஸ்லிம்கள் அதனைக் குச்சுப் பள்ளி என்று அழைத்தனர். குச்சு என்பது சிறு குடிலைக் குறிக்கும் நாட்டுச் சொல். கூரை வேய்ந்த குடிலாகத் தொடங்கிய தொழுகையிடத்துக்கு அமைந்த பெயரே, அதனைச் சூழ்ந்து வாழ்ந்தோரின் வீடுகள் எத்தகையன என்பதையும் உணர்த்திவிடுகிறது.

மலாய் மொழியின் கம்போங், தமிழர் நாவில் கம்பமாயிற்று. தொழிலாளர்க்கு முதலாளி கட்டிக்கொடுத்த நீண்ட வரிசை வீடுகள் லயன் எனப்பட்டன. நகரத்தார் தொழில் நடத்திய பொதுக்கூடம் கிட்டங்கி எனப்பட்டது. அது கிடங்கு என்னும் சொல்லோடு உறவுடையது. கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த கடைவீட்டை மலாயர் ரூமா கெடாய் என்பர். அதில் வரும் கெடாய், நம்முடைய கடையே. கடைவீடுகளின் முன்னே தொடர்ந்து செல்லும் கூரையிட்ட நடைபாதைக்கு வித்திட்டவர் ராஃபிள்ஸ். ஒவ்வொரு வீட்டின் முன்னும் யாவரும் நடக்கத் தாழ்வாரம் விட வேண்டுமென 1822-ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் அவர் விதித்தார். அது ஐந்தடி என்று பெயர் பெற்று, பேச்சில் அஞ்சடியாயிற்று. அறை கிடைக்காதவர்க்கும், அறையின் புழுக்கம் தாளாதவர்க்கும் அதுவே இரவுப் படுக்கையாகவும் பயன்பட்டது.

குச்சு, கம்பம், லயன், கிட்டங்கி, கடைவீடு, அஞ்சடி என்னும் இச்சொற்களை வரிசையாக வைத்தால், அவை இத்தீவில் தமிழர் குடியிருந்த முறைகளின் பட்டியலாகவே அமைந்துவிடுகின்றன.

ஆற்றங்கரையும் செட்டித் தெருவும்

ராஃபிள்சின் 1822-ஆம் ஆண்டுத் திட்டத்தை ஒட்டி வரையப்பட்ட நகர வரைபடத்தில், சிங்கப்பூர் ஆற்றின் மேற்பகுதியில் சூலியாக் கம்பம் என ஓரிடம் குறிக்கப்பட்டது. சூலியா என்பது அக்காலத்தில் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்களைச் சுட்டிய சொல். இனத்துக்கோர் இடமென ஆட்சியாளர் தாளில் பிரித்துவைத்தனர். ஆனால் தமிழர் நெருக்கமாகக் குடியேறியது அங்கன்று. வணிக மையத்தின் விளிம்பிலிருந்த சூலியா தெருவிலும் மார்க்கெட் தெருவிலுமே அந்நெருக்கம் உருவாயிற்று.

அதற்குக் காரணம் எளியது. ஆற்றில் சரக்கேற்றி இறக்கும் தோணித் தொழில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரிதும் தமிழ் முஸ்லிம்களின் கையில் இருந்தது. கப்பல் வரும் நேரம் கடலையும் காற்றையும் பொறுத்தது. அழைத்த குரலுக்கு ஓடிவரும் தொலைவில் தங்காதவனுக்கு அன்றைய வேலை இல்லை. பேருந்தோ டிராம் வண்டியோ இல்லாத காலத்தில், குடியிருப்பின் எல்லையைத் தொழிலாளியின் கால்களே வரையறுத்தன.

நடை தொலைவுக்கு அடுத்த அளவுகோல், கடன் கொடுக்கும் கடை. மாதக் கடைசியில் சம்பளம் வரும்வரை அரிசியும் பருப்பும் பற்றில் எழுதிக்கொடுக்கும் கடைக்காரர், முன்பின் அறியாதவர்க்கு எழுதமாட்டார். மூன்றாவது அளவுகோல் வழிபாட்டிடம். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் ஜாமியா சூலியா பள்ளிவாசலும், 1827-இல் மாரியம்மன் கோயிலும் எழுந்தன. பினாங்கிலிருந்து 1819-இல் ராஃபிள்சுடன் வந்து செங்கல் சூளை வைத்த நாராயண பிள்ளை அக்கோயிலுக்குக் காரணர். நான்காவது அளவுகோல், ஊரார். புதிதாக வந்தவர் கையில் பெரும்பாலும் இருந்தது, ஏற்கெனவே வந்துவிட்ட ஊர்க்காரர் ஒருவரின் பெயர்தான். அவர் படுத்த பாயின் ஓரமே புதியவரின் முதல் முகவரி.

இந்நான்கு அளவுகோல்களும் ஒன்றுசேர்ந்த இடங்களில் தமிழ்த் தெருக்கள் உருவாயின. ஆட்சியாளர் வைத்த பெயர்களைத் தமிழர் பொருட்படுத்தவில்லை. மார்க்கெட் தெரு அவர்களுக்குச் செட்டித் தெரு. பால் விற்கும் கடைகள் இருந்த கிராஸ் தெரு, பால்கடைச் சடக்கு.

செட்டித் தெருவின் கிட்டங்கிகள் தனிச்சிறப்புடையவை. நீண்ட கூடத்தின் இருபுறமும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சில அடி இடமே உண்டு. அவ்விடத்தில் ஒரு பெட்டியடி, தரையில் பாய், கணக்குப் புத்தகங்கள் ஆகியவை இருக்கும். பகலில் வரவு செலவு நடந்த அதே கூடத்திலோ மாடியிலோ இரவில் உறக்கம். சமையல் பொதுவானது. ஊரிலிருந்து வந்த முகவர்கள் வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கே வந்தனர், குடும்பத்தை அழைத்துவரவில்லை. பெருந்தொகைகளைக் கடன் கொடுத்தவர்களும் தமக்கென ஒரு தனி அறையை வாடகைக்கு எடுக்காமல், கூடத்தின் ஒரு மூலைக்கு மட்டும் குடிக்கூலி கொடுத்தனர் என்பது கவனிக்கத்தக்கது. அருகருகே அமர்ந்திருப்பது செலவைக் குறைத்தது. யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்னும் செய்தி உடனுக்குடன் கைமாறவும் உதவியது. வாடகையைச் சிக்கனப்படுத்திய அந்த ஏற்பாடே தொழிலுக்கும் முதலாயிற்று. அவர்கள் 1859-இல் டேங்க் சாலையில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர்.

சிராங்கூன்: தண்ணீர், புல், செங்கல்

இன்று தமிழர் பகுதி என்றவுடன் நினைவுக்கு வரும் சிராங்கூன் சாலை, தொடக்கத்தில் நகருக்கு வெளியே கிடந்த சதுப்பு நிலம். அங்கே தமிழர் சென்றதற்கும் வேலையே காரணம். மாடு வளர்ப்போர்க்கு நீரும் புல்லும் வேண்டும். ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் இரண்டையும் தந்தது. செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் அங்கே இயங்கின. அரசாங்கம் கைதிகளைக் கொண்டும் செங்கல் அறுத்தது. இப்போதுள்ள வீரமாகாளியம்மன் கோயில், சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே முன்னர் அழைக்கப்பட்டது.

அப்பகுதியின் பெயர்களே அதன் கதையைச் சொல்லும். மலாயர் அதனை எருமைத் தொழுவம் என்னும் பொருளில் கண்டாங் கெர்பாவ் என்றனர். மூங்கில் அடி என்று பொருள்படும் சீனத் தொடரே நாம் இன்று வழங்கும் தேக்கா. தமிழரின் பகுதி என நாம் உரிமை கொண்டாடும் இடத்தின் பெயர் சீனத்திலிருந்து வந்தது. வாடகைக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டாரின் பெயர் வழக்கையும் சேர்த்தே எடுத்துக்கொண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை.

சதுப்பு நிலம் வடிக்கப்பட்டு, மாட்டுத் தொழில் படிப்படியாக விலகிய பின்னர், கொட்டில் இருந்த மனைகளில் கடைவீடுகள் எழுந்தன. 1915-இல் சந்தைக் கட்டடம் திறக்கப்பட்டது. வேலை போன பின்னும் தமிழர் அவ்விடத்தை விட்டுப் போகவில்லை என்பதே சிராங்கூனின் சிறப்பு. நடை தொலைவு என்னும் முதல் அளவுகோல் மறைந்தபோதும் கடை, கோயில், ஊரார் என்னும் மற்ற மூன்றும் அவர்களை அங்கே நிறுத்திவைத்தன. அவ்வகையில் ஒரு தொழிற்பகுதி பண்பாட்டுப் பகுதியாக மாறிற்று.

வேலையோடு வந்த கூரை

எல்லாரும் இடத்தைத் தேர்ந்துகொண்டவர்கள் அல்லர். நகராட்சியின் துப்புரவுத் தொழிலாளரும் சாலைத் தொழிலாளரும் நகராட்சி லயன்களில் வைக்கப்பட்டனர். தஞ்சோங் பகார்க் கப்பல்துறை நிறுவனத்தை அரசாங்கம் 1905-இல் எடுத்துக்கொண்டது. 1913-இல் துறைமுக வாரியம் அமைந்தது. வாரியத் தொழிலாளர்க்கு வாரியக் குடியிருப்புகள் இருந்தன. இரும்புப்பாதைத் தொழிலாளர்க்கும் அவ்வாறே. வடக்கே செம்பவாங்கில் 1938-இல் திறக்கப்பட்ட பெருந்துறையை மையமாகக் கொண்ட பிரிட்டிஷ் கடற்படைத் தளம், தமிழரும் மலையாளிகளும் நிறைந்த தனி நகரமாகவே விளங்கியது.

இத்தகைய கூரைக்கு வாடகை இல்லை, அல்லது மிகக் குறைவு. ஆனால் அதற்கு வேறொரு விலை இருந்தது. வேலையை இழந்தவர் அன்றே வீட்டையும் இழந்தார். வேலைநிறுத்தம் என்னும் சொல்லை உச்சரிக்குமுன் ஒருவர் தம் மனைவி மக்களின் படுக்கையிடத்தையும் எண்ண வேண்டியிருந்தது. 1971-இல் பிரிட்டிஷ் படைகள் விலகியபோது தளத்து வேலையும் தளத்து வீடும் ஒருசேரப் போயின. தாமாக வாடகைக்கு இடம் தேடிப் பழகாத பல குடும்பங்கள் ஊர் திரும்பின. குடியுரிமை பெற்றிருந்தோர் புதிதாக எழுந்த அடுக்குமாடிகளை நாடினர்.

தஞ்சோங் பகாரில் வேறொரு முறையும் நிலவியது. தென்காசி, கடையநல்லூர் ஆகிய ஊர்களிலிருந்து வந்த முஸ்லிம்கள், ஏனைய தமிழரைப்போல் தனித்து வராமல், குடும்பமாக வந்தனர். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்ப வருமானத்துக்குத் துணைநின்றனர். இவர்களுக்குத் தேவைப்பட்டது படுக்க ஒரு பாய் மட்டுமன்று; அம்மி போட இடமும், தண்ணீரும், பிள்ளைகளுக்குப் பள்ளியும் வேண்டும். கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் அவ்வட்டாரத்தில் உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியைத் தொடங்கியது. பெண்கள் குடியேறிய இடத்தில் பள்ளி எழுந்தது. பள்ளி எழுந்த இடத்தில் தமிழ் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தீவின் இந்தியரிடையே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்கள் இருந்தனர் என்பதை நினைத்தால், இக்குடும்பக் குடியேற்றத்தின் அருமை விளங்கும்.

தட்டிக்கு இப்பாலும் அப்பாலும்

கடந்தகாலத் தெருக்களைப் பற்றிப் பேசும்போது ஏக்கம் வந்து உட்கார்ந்துகொள்வது இயல்பு. அதற்கு இடம் கொடாமல் இருக்க, அன்றைய வீடுகளுக்குள் சற்று நுழைந்து பார்ப்பது நல்லது. ஒரு கடைவீட்டை முழுமையாக எடுத்த முதல் வாடகையாளர், மாடியைப் பலகைத் தட்டிகளால் சிறுசிறு அறைகளாகத் தடுத்து உள்வாடகைக்கு விட்டார். தெருப்பக்கத்து அறைக்கும் பின்பக்கத்து அறைக்கும் மட்டுமே சன்னல். நடுவில் இருந்தவற்றில் பகலிலும் விளக்கு வேண்டும். ஒரு சமையலறை, ஒரு குழாய், ஒரு கழிப்பிடம் ஆகியவை அனைவர்க்கும் பொது. தமிழில் இதற்கு ஒண்டுக்குடித்தனம் என்று பெயர். ஒண்டுதல் என்னும் வினையின் கூச்சமும் இயலாமையும் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கின்றன. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்னும் பழமொழி, தட்டிக்கு அப்பாலிருந்து வரும் இருமலைக் கேட்டுக்கொண்டே உறங்கிய குடும்பங்களுக்குப் பழமொழியாகத் தோன்றியிராது.

அந்த இருமல் பெரும்பாலும் காசநோய். சிங்கப்பூரின் சுகாதார நிலையை ஆராய அழைக்கப்பட்ட பேராசிரியர் சிம்ப்சன் 1907-இல் அளித்த அறிக்கை, காற்றும் ஒளியும் புகாத இவ்வறைகளையும், முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளையும் நோய்க்குக் காரணமாகக் காட்டியது. வீட்டு வரிசைகளுக்கிடையே பின்சந்துகள் திறக்கப்பட வேண்டும் என்றது. 1918-இல் வீடமைப்பு ஆணையம் ஒன்று ஆராய்ந்தது. 1927-இல் சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் அமைந்தது. அது தன் 32 ஆண்டுகளில் ஏறத்தாழ 23,000 வீடுகளைக் கட்டியது. 1947-ஆம் ஆண்டிலேயே தீவின் மக்கள்தொகை 9 இலட்சத்து 38 ஆயிரத்தைத் தொட்டிருந்தது என்பதால், அது யானைப் பசிக்குச் சோளப்பொரியாகவே அமைந்தது.

வாடகையைக் கட்டிப்போட்ட சட்டம்

போருக்குப் பிந்திய வீட்டுப் பஞ்சத்தில் வாடகைகள் ஏறின. 1947-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்திய கட்டடங்களின் வாடகையை 1939 ஆகஸ்ட் மாத அளவில் நிறுத்தியது. குடியிருப்போரை எளிதில் வெளியேற்ற இயலாதவாறும் செய்தது. ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரும் காப்பு. கடையும் கோயிலும் ஊராரும் இருந்த தெருவிலேயே அவர்கள் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்க முடிந்தது.

ஆனால் சட்டத்தின் விளைவு சட்டம் எழுதியோர் எண்ணியபடி மட்டும் அமைவதில்லை. வாடகை உயராத வீட்டை உரிமையாளர் பழுதுபார்க்கவில்லை. குறைந்த வாடகைக்கு முழு வீட்டையும் வைத்திருந்த முதல் வாடகையாளர், உள்வாடகையில் இலாபம் கண்டார். காலியாகும் இடத்தைப் பெற, கணக்கில் வராத ஒரு தொகையைத் தேநீர்க் காசு என்ற பெயரில் கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவரைக் காத்த சட்டம், புதிதாக வந்தவரை வாசலில் நிறுத்தியது.

நகர மையத்தில் இக்காப்பு முதலில் விலகியது. தங்கக் காலணி எனப்பட்ட நிதி வட்டாரத்தில் உரிமையாளர்கள் கட்டடங்களை மீட்டுப் புதுப்பிக்க வழிசெய்யும் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. செட்டித் தெருவும் அவ்வட்டாரத்திற்குள் அடங்கியது. அப்பத்தாண்டில் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மறைந்து, உயர்ந்த அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. எஞ்சிய பகுதிகளிலும் 2001 ஏப்ரலில் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக நீங்கியது.

நம் அண்டைத் தீவான பினாங்கிலும் இதே கதை சற்று முன்னதாக நடந்தது. அங்கே 1997-இல் நீக்கப்பட்ட வாடகைக் கட்டுப்பாடு, இடைக்காலம் முடிந்து, 1999-ஆம் ஆண்டின் இறுதியோடு மறைந்தது. பழைய ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளில் நெடுங்காலம் வாழ்ந்த வாடகையாளர் பலர் வெளியேறினர். 2008-இல் அந்நகரம் யுனெஸ்கோவின் மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றபோது, சுவர்கள் இருந்தன. அச்சுவர்களுக்குள் பேசப்பட்ட பல மொழிகளின் குரல்கள் குறைந்திருந்தன.

அடுக்குமாடியும் விகிதமும்

1960 பிப்ரவரியில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. 1961 மே 25-இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. அது கழகத்தின் வேகத்தை மேலும் கூட்டியது. முதல் ஐந்தாண்டுகளில் 54,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. தொடக்கக் கால மாத வாடகை, ஓரறை வீட்டுக்கு 20 வெள்ளி, ஈரறைக்கு 40, மூவறைக்கு 60. தனிக் குழாய், தனிக் கழிப்பிடம், தாழிட்டுக்கொள்ளத் தனிக் கதவு ஆகியவற்றைத் தமிழ்ப் பெண்கள் பலர் வாழ்வில் முதன்முறையாகப் பெற்றனர். 1964-இல் வீட்டுடைமைத் திட்டம் வந்தது. 1968 முதல் மத்திய சேம நிதியைக் கொண்டு வீடு வாங்க முடிந்தது. இன்று இங்கு வசிக்கும் குடும்பங்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது சொந்த வீட்டில் உள்ளன. ஒண்டுக்குடித்தனம் என்னும் சொல் நம் பிள்ளைகளுக்குப் புரியாமற்போனது, இந்த வகையில், மகிழத்தக்க இழப்பே.

எனினும் இம்மாற்றம் பழைய நான்கு அளவுகோல்களையும் கலைத்தது. வீடு கிடைக்கும் வரிசையும் தவணையும் குடும்ப வருமானமும் இடத்தை முடிவு செய்தன. ஒரே தெருவில் இருந்த பத்துக் குடும்பங்கள் தோ பாயோ, குவீன்ஸ்டவுன், பிடோக், அங் மோ கியோ எனப் பிரிந்தன. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியரும் பிறரும் ஓர் அக்கம்பக்கத்தில் 10 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டையும் தாண்டாதவாறு வீடுகளின் விற்பனை வரையறுக்கப்பட்டது. 2010-இல் அவை முறையே 12, 15 என உயர்த்தப்பட்டன. இனங்கள் தனித்தனிச் சேரிகளாகப் பிரிந்துவிடாமல் காப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தின் பயனை நாம் அன்றாடம் மின்தூக்கியில் அண்டை வீட்டாரோடு பேசும்போது துய்க்கிறோம்.

அதே 1989-ஆம் ஆண்டில்தான் லிட்டில் இந்தியா மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இவ்விரு முடிவுகளையும் இணைத்துப் பார்க்க வேண்டும். தமிழர் நெருங்கி வாழும் வட்டாரம் புதிதாக உருவாக இயலாது என்னும் நிலை வந்த ஆண்டிலேயே, அவ்வாறு இயல்பாக உருவான பழைய வட்டாரம் காக்கப்பட வேண்டிய நினைவாயிற்று. தமிழரில் பெரும்பாலோர்க்குச் சிராங்கூன் சாலை குடியிருக்கும் இடமாக இல்லாமல், சென்றுவரும் இடமாயிற்று.

மொழிக்கு இதன் விளைவு என்ன? ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோரின் பங்கு 2010-இல் 3.3 விழுக்காடு, 2020-இல் 2.5 விழுக்காடு. இச்சரிவுக்குக் குடியிருப்பு மட்டுமே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. கல்வி மொழியும் வேலை மொழியும் அதனினும் வலிய காரணங்கள். ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது. பழைய தெருவில் ஒரு பிள்ளை தமிழைக் கடையிலும் அஞ்சடியிலும் மாடிப்படியிலும் கேட்டது. அதற்காக யாரும் திட்டமிடவில்லை. அத்தெருவில் வாடகை மலிவாக இருந்ததன் பக்கவிளைவு அது. இன்று அதே பிள்ளைக்கு வீட்டுக் கதவுக்கு வெளியே தமிழ் இயல்பாக எதிர்ப்படுவதில்லை. அன்று தெரு செய்த பணியை இன்று குடும்பமும் பள்ளியும் இத்தகைய மன்றங்களும் முயன்று செய்ய வேண்டியிருக்கிறது.

இன்று இடம் தேடுவோர்

வாடகை வீடு தேடும் தமிழர் இன்றும் உள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் அண்மைப் பத்தாண்டுகளில் வந்தவர்கள். ரயில் நிலையத்திலிருந்து எத்தனை நிமிடம், பள்ளி அருகில் உள்ளதா, சமைக்க விடுவார்களா என்று அவர்கள் கேட்கின்றனர். மூன்றாம் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். அறை வாடகை விளம்பரங்களில் சமையல் கூடாது என்ற நிபந்தனையும், சில வேளைகளில் இந்தியர் வேண்டா என்ற வெளிப்படையான சொற்களும் இடம்பெற்று, அவை பொதுவெளியில் கண்டிக்கப்பட்டதும் உண்டு. 2011 ஆகஸ்டில், அண்டை வீட்டாரின் குழம்பு மணத்தைப் பற்றிய பழைய பிணக்கு ஒன்று செய்தியானபோது, பல இனத்தவரும் ஒரே நாளில் தத்தம் வீட்டில் கறி சமைத்து ஒற்றுமையைக் காட்டினர். இவ்விரண்டும் ஒரே தீவின் செய்திகள். வீட்டை விற்பதற்கு இன விகிதம் உண்டு. ஆனால் தனியார் ஒருவர் தம் அறையை யாருக்கு வாடகைக்கு விடுகிறார் என்பது பெரிதும் அவரவர் மனத்தைப் பொறுத்தது.

தேர்வே இல்லாதவர்களும் உள்ளனர். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் தங்கும் விடுதியை அவர்களுடைய முதலாளியே தேர்கிறார். 2020 ஏப்ரலில் நோய்த்தொற்று விடுதிகளில் பரவியபோது, நெருக்கமான அறை, பொதுச் சமையல், பொதுக் கழிப்பிடம் ஆகியவற்றைப் பற்றி நாடே பேசியது. சிம்ப்சனின் 1907-ஆம் ஆண்டு அறிக்கையைப் படித்தவர்க்கு அப்பேச்சு புதிதாக இருந்திராது. நகராட்சி லயனில் வாழ்ந்தவரின் நேரடி வாரிசு, இன்று சொந்த அடுக்குமாடி வீட்டில் வாழும் நாம் மட்டுமல்லர், அத்தொழிலாளியும்தான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர் தேக்காவுக்கு வருவது, கடையும் கோயிலும் ஊராரும் ஒருங்கே கிடைக்கும் இடம் இன்றும் அதுவே என்பதால். பழைய அளவுகோல்களை அவர் ஒருவரே இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறார். அத்தெருவில் இன்று ஒலிக்கும் தமிழில் பெரும்பங்கு அவருடையது என்பதை நாம் நன்றியோடு ஏற்க வேண்டும்.

நிறைவாக

இவ்வரலாற்றை எழுதுவதற்கான மூலங்கள் அரசு ஆவணங்களில் மட்டும் இல்லை. 1979-இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணி, முதியோர் பலரின் நினைவுகளைக் காத்துவைத்துள்ளது. ஆனால் எல்லா வீட்டு முதியவரையும் ஓர் அரசு அமைப்பு நேர்காண இயலாது. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் எந்தெந்தத் தெருவில், எந்த மாடியில், எவ்வளவு குடிக்கூலிக்கு இருந்தனர், யார் அவர்களை அங்கே அழைத்துச் சென்றார், எந்தக் கடையில் பற்று வைத்தனர், அவ்வறையை எப்பெயரால் அழைத்தனர் என்பவற்றை ஒவ்வொரு குடும்பமும் எழுதிவைக்க இயலும். பழைய வாடகைச் சீட்டு ஒன்று பெட்டியின் அடியில் இருந்தால், அதனை எறியாமல் வைத்திருக்கவும் இயலும்.

குச்சு, கிட்டங்கி, அஞ்சடி, பால்கடைச் சடக்கு ஆகிய சொற்களை இன்னும் வழங்குவோர் நம்மிடையே சிலரே உள்ளனர். அவர்களிடம் கேட்டு எழுதும் காலம் குறுகிவருகிறது. அப்பணியை இவ்வவையிலுள்ள இளையோர் மேற்கொள்ள வேண்டும் எனக் கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன்.